ஐரோப்பிய உலோக வேலைப்பாட்டில் ஜப்பானிய வழி

ஒரு நாட்டின் கலை பிறிதொரு நாட்டின் கலையால் தாக்கமுற்றது என்று கூறுதல் எளிது. அத்தாக்கம் எவ்விடத்தில், எவ்வளவில், எவ்வாறு நிகழ்ந்தது என்று காட்டுதல் அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய நாடுகளில் தோன்றிய வெள்ளி, வெண்கல, செம்பு வேலைப்பாடுகளுள் ஒரு பெருந்தொகுதி ‘ஜப்பானியச் சாயலுடையது’ என்று கலை வரலாற்று நூல்களிலும் அருங்காட்சியகப் பட்டியல்களிலும் குறிக்கப்படுகின்றது. இச்சாயலுக்கு ‘ஜாப்பொனீசம்’ என்னும் பெயரை 1872-இல் இட்டவர் பிரெஞ்சுத் திறனாய்வாளர் ஃபிலிப் பியூர்த்தி ஆவர். பெயர் கிடைத்தபின் ஆராய்ச்சி எளிதாயிற்று. எளிதானமையாலேயே தடம் மாறிற்று எனினும் பொருந்தும். தேநீர்க் கலத்தின்மீது நாரை செதுக்கப்பட்டிருப்பின் அது ஜப்பானிய வழி. கைப்பிடி மூங்கிற்கணுப் போல அமைந்திருப்பின் அதுவும் ஜப்பானிய வழி. விசிறியும் குருவியும் தாமரைக்குளமும் காணின் ஐயமே இல்லை. இவ்வாறு உருக்களை எண்ணித் தொகுப்பதே தாக்க ஆராய்ச்சி என்று கருதும் நிலை இன்றும் நீங்கவில்லை.

உருக்கள் கடன் கொள்ளப்பட்டன என்பதை யாரும் மறுக்க வேண்டுவதில்லை. ஆயின் ஜப்பானிய உலோகக் கலையின் உயிர்நிலை உருவில் இல்லை. பொன், வெள்ளி, செம்பு, இரும்பு ஆகியவற்றுக்கிடையே அக்கலைஞர் கண்ட உறவில் உள்ளது. அவ்வுறவை ஐரோப்பா நெடுங்காலம் ஏற்கவில்லை. ஏற்பதற்கு அதன் சட்டமும் வணிகமும் இடந்தரவில்லை. ஓரளவு ஏற்ற காலத்திலோ, கலங்களின்மீது நாரையும் மூங்கிலும் இல்லை. ஆகலின் உருக்களைக் கொண்டு அளப்போர் தாக்கம் மிகக் குறைந்த இடத்தில் மிகுதி கண்டனர். மிகுந்த இடத்தில் ஒன்றும் கண்டிலர். இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலுக்கும் நூலுக்கும் உள்ள சார்பினைத் தமிழிலக்கண மரபு நுட்பமாக ஆராய்ந்துள்ளது. தொல்காப்பிய மரபியல், நூலை முதல், வழி என இரண்டாகப் பகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகைப்படுத்துகின்றது. இப்பாகுபாடு நூலுக்கு உரியதேயன்றிக் கலத்திற்கு உரியதன்று. எனினும் அதன் பின்னுள்ள வினாவைக் கலைகள் பற்றியும் எழுப்பலாம்; பின்னது முன்னதினின்று எதனைக் கொண்டது என்பதே அவ்வினா. மொழிபெயர்ப்போருள்ளும் சொற்களை மட்டும் பெயர்த்து இலக்கணத்தை அயல்மொழியிலேயே விட்டுவருவோர் உளர். ஐரோப்பியக் கம்மியர் முதலிற் செய்தது அத்தகைய பெயர்ப்பு எனலாம். அவ்விலக்கணம் யாது என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும்.

ஜப்பானிய உலோகக் கலை தன் நுண்மையின் எல்லையை எட்டியது பெருஞ்சிலைகளில் அன்று, வாளின் உறுப்புகளில். அலகுக்கும் கைப்பிடிக்கும் இடையே அமைந்து கையைக் காக்கும் வட்டு ‘ட்சுபா’ எனப்படும். உள்ளங்கையில் அடங்கும் அளவினது. அதனோடு கைப்பிடியின் முனைக்குமிழ், உறையிற் செருகும் சிறுகத்தியின் பிடி முதலிய உறுப்புகளும் உண்டு. 1603 முதல் 1868 வரை நீடித்த தொக்குகாவா ஆட்சியில் பெரும்போர்கள் அருகின. வாள் போர்க்கருவி என்னும் நிலையினும் குடிமையின் அடையாளம் என்னும் நிலையில் மிகுதியாக அணியப்பட்டது. வாளுறுப்புச் செய்யும் கம்மியர் குடிகள் தலைமுறை தலைமுறையாக அச்சிறு பரப்பிலேயே தம் அறிவு முழுவதையும் செலவிட்டன. அப்பரப்பில் இரும்பும் பொன்னும் அருகருகே அமர்ந்தன. இரும்பு பொன்னுக்குப் பீடமாக அன்றி, இரும்பாகவே மதிக்கப்பட்டது. அதன் துருநிறமும் தடவுங்காற் கைக்குத் தோன்றும் மென்மையும் சுவைஞர் ஆராய்ந்து பாராட்டிய பண்புகள்.

அக்கம்மியர் ஆண்ட உலோகக் கலவைகளுள் இரண்டு இங்கு இன்றியமையாதன. ஒன்று ஷாக்குடோ. செம்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை பொன் சேர்த்து உருக்கியது. உருக்கி அடித்தவுடன் அது மங்கிய செம்பு போலவே தோன்றும். பொன்னின் சுவடே இராது. பின்னர், செம்புக் களிம்பும் துத்தமும் கரைத்த நீரிலிட்டுக் காய்ச்சிய அளவில் அதன் மேற்பரப்பு நீலமும் ஊதாவும் ஓடிய கருமை பெறும். மற்றொன்று ஷிபுயிச்சி. ‘நான்கில் ஒன்று’ என்பது அப்பெயரின் பொருள். முக்காற்பங்கு செம்பும் காற்பங்கு வெள்ளியும் கலந்தது என்பது கருத்து, அளவு இடத்திற்கிடம் வேறுபடினும். இதே காய்ச்சலில் அது மூடுபனி போன்ற சாம்பல் நிறம் எய்தும். வியப்பு யாதெனின், இவை யாவும் ஒரே பாத்திரத்தில் ஒரே நேரத்தில் நிகழ்வன. பொன், வெள்ளி, செம்பு, ஷாக்குடோ, ஷிபுயிச்சி ஆகிய ஐந்தும் பதித்த ஒரு வட்டினை முள்ளங்கிச் சாறு தடவி அந்நீரில் இட்டால், பொன் தன் நிறம் மாறாது, வெள்ளி சற்றே மங்கும், செம்பு செம்பழுப்பாகும், ஒன்று கறுக்கும், ஒன்று நரைக்கும். கலைஞன் வண்ணம் தீட்டுவதில்லை. தன்தன் உட்கூறு எதுவோ அதனையே ஒவ்வோர் உலோகமும் புறத்தே காட்டுகின்றது. உலோகத் தகடுகளை அடுக்கி ஒன்றாக இணைத்து, குடைந்தும் தட்டியும் மரவரி போலத் தோற்றுவிக்கும் மொக்குமே-கானே என்னும் வேலையும் இவ்விலக்கணத்தின்பாற்பட்டதே.

இவ்விடத்தில் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. பொன் இங்கே பொன்னாகத் தோன்றுவதற்காகச் சேர்க்கப்படவில்லை. கருமை தருவதற்காகச் சேர்க்கப்படுகின்றது. இஃது ஒன்று. செம்பிற் பற்றும் களிம்பு இங்கே நீக்கத்தக்க குற்றமன்று, வருவிக்கத்தக்க அழகு. இஃது இரண்டாவது. செம்பிற் களிம்பு உயிரைப் பற்றிய மலத்திற்கு உவமையாக வழங்கும் சைவ சித்தாந்த நூல்களிற் பயின்றவர்க்கு இது சற்றே திடுக்கிடச் செய்யும். ஐரோப்பியரும் அவ்வாறே திடுக்கிட்டிருத்தல் வேண்டும். வெள்ளிக் கலத்தை நாள்தோறும் தேய்த்துத் துலக்குவதையே இல்லத்தின் மதிப்பாகக் கொண்டவர் அவர்.

இனி, ஐரோப்பிய நிலையைக் காண்போம். அங்கே உலோகங்களின் வரிசை கலைஞனால் அமைந்ததன்று. நாணயச்சாலையாலும் அரசின் முத்திரையாலும் அமைந்தது. இங்கிலாந்தில் வெள்ளியின் தரத்தை உறுதிப்படுத்தும் முத்திரை 1300-ஆம் ஆண்டின் சட்டத்திலிருந்து வழங்குகின்றது. ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்து இருபத்தைந்து பங்கு வெள்ளி இருத்தல் வேண்டும் என்பது அளவு. பிரான்சில் 1797-ஆம் ஆண்டுச் சட்டம் 950, 800 என இரு தரங்களை வகுத்தது. நம்மவர் ‘மாற்று’ என்றும் ‘உரை’ என்றும் வழங்கும் கருத்தே அங்கும் ஆட்சி செலுத்திற்று: உலோகத்தின் பெருமை அதன் தூய்மையிலும் எடையிலும் உள்ளது, கலப்பு என்பது மாற்றுக் குறைவு. காற்பங்கு வெள்ளியே உடைய ஷிபுயிச்சி, இம்முறையில் வெள்ளி என்னும் பெயருக்கே உரியதன்று. வெள்ளிக் கலத்தின்மீது செம்பையோ பித்தளையையோ ஒட்டி அதற்கு முத்திரை பெறுதலும் அக்கால இங்கிலாந்தில் இயலாதிருந்தது. எனவே ஆங்கில வெள்ளிக்கம்மியன் ஒரு ட்சுபாவை எவ்வளவு விரும்பினும், அதன் இலக்கணப்படி ஒரு கலம் செய்து தன் நாட்டில் வெள்ளிக்கலம் என விற்க அன்று வழியில்லாதிருந்தது. தாக்கம் பற்றி எழுதுவோர் இத்தடையைக் கருதாமை வியப்பே.

1853-இல் அமெரிக்கக் கடற்படைத் தலைவர் பெரி ஜப்பானியக் கரையை அடைந்ததும், 1858-இல் வணிக உடன்படிக்கைகள் கையெழுத்தானதும் யாவரும் அறிந்தன. 1862-இல் இலண்டனில் நிகழ்ந்த பன்னாட்டுக் கண்காட்சியில் பிரிட்டானியத் தூதர் ரட்டர்ஃபோர்டு ஆல்காக் தாம் திரட்டிய ஜப்பானியப் பொருள்களை வைத்தார். 1867-இல் பாரிசுக் கண்காட்சியில் ஜப்பானியரே நேராகப் பங்குகொண்டனர். ஆயின் ஐரோப்பியத் தொழிற்சாலைகளின் வரைபலகைகளுக்கு முதலிற் சென்று சேர்ந்தவை உலோகப் பொருள்கள் அல்ல, மரவச்சுப் படங்கள். ஹொகுசாய் வரைந்த மாங்காத் தொகுதிகள் 1814 முதல் வெளிவந்தவை; அவற்றில் மீனும் பறவையும் பூவும் தொழிலாளரும் நெருங்க அமைந்திருந்தனர். ஃபெலிக்ஸ் பிரக்மோன் 1866-இல் ஓர் உணவுக்கலத் தொகுதிக்கு அப்படங்களிலிருந்து உருக்களைப் பெயர்த்தமைத்தது பீங்கான் வரலாற்றில் பெயர்பெற்ற செய்தி. உலோகக் கம்மியரும் அதனையே செய்தனர்.

இங்குதான் பிழை தொடங்குகின்றது. தாளில் வரைந்த கோட்டுருவம் வெள்ளியில் ஏறுகின்றது. 1870-களிலும் 1880-களிலும் இங்கிலாந்தில் பெருகிய தேநீர்க் கலங்களில் இதனைத் தெளிவாகக் காணலாம். கலத்தின் வடிவம் பழையதே, அல்லது சற்றே சதுரமாக்கப்பட்டது. அதன் பக்கங்களில் வட்டமும் விசிறியும் ஒன்றன்மேலொன்று சாய்ந்து கிடக்கும் கட்டங்கள். அவற்றுள் நாரை, குருவி, பூத்த கிளை. யாவும் கூரிய உளியால் கீறப்பட்டவை. பின்னணி வெள்ளி; நாரையும் வெள்ளி; கிளையும் வெள்ளி. சில இடங்களில் நிறவேறுபாடு வேண்டிப் பொன்முலாம் பூசியிருப்பர். சமன்மையின்மையை ஒரு புதிய சமன்மையாகக் கற்று ஒப்பித்ததன்றி வேறில்லை. வேலையின் தூய்மையைக் குறை கூற இயலாது. பலவற்றில் உளி ஓடிய நேர்த்தி கண்ணைக் கவரும். ஆயினும் அந்நாரை வெள்ளியில் இருப்பதற்கு எக்காரணமும் இல்லை. பீங்கானிலும் இருக்கலாம், சுவர்த்தாளிலும் இருக்கலாம். அவ்வாறு எங்கும் இருந்ததே அக்காலத்து நாகரிகம்.

பிரெஞ்சு நாட்டினர் இதனினும் ஒரு படி மேற்சென்றனர் என்பதை நடுநிலையோடு கூறுதல் வேண்டும். மின்னாற்றலால் உலோகத்தின்மீது உலோகம் படியச் செய்யும் முறைக்கு 1840-இல் உரிமை பெற்றவர் பர்மிங்காம் எல்கிங்டன் நிறுவனத்தார். பிரான்சில் அம்முறையை 1842 முதல் கைக்கொண்டு வளர்த்தது கிறிஸ்டோஃப்ள் நிறுவனம். அங்கே வரைவுத் தலைமை பூண்ட எமில் ரெய்பேர் ஜப்பானிய, சீன வடிவங்களை ஆழ்ந்து கற்றவர். அவருடைய வரைவில் 1870-களில் உருவான மூலைப்பேழைகளில் மரம், பொன்முலாம் பூசிய வெண்கலம், நிறமேற்றிய வெண்கலம், எனாமல் ஆகியன ஒருங்கே கூடியுள்ளன. இங்கு நிறம் கருதப்பட்டது. உலோகத்தின் மேற்பரப்பு கருதப்பட்டது. நாரையோடு நின்றுவிட்ட ஆங்கிலக் கலங்களுக்கும் இதற்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. எனினும் நிறம் வந்த வழியை நோக்குக. ஜப்பானியக் கலைஞனிடத்து நிறம் உட்கூற்றிலிருந்து எழுவது. இங்கே ஒரே வெண்கலத்தின்மீது மின்முறையாலும் வேதிமுறையாலும் இடத்திற்கிடம் படியவைக்கப்படுவது. பொன் வேண்டிய இடத்தில் பொன்னின் தோல். வெள்ளி வேண்டிய இடத்தில் வெள்ளியின் தோல். காட்சியால் ஒப்புமையும் இலக்கணத்தால் முரணும் உடைய இதனை ‘மிக நெருங்கிய தழுவல்’ என்று பாராட்டும் கலை வரலாற்றாசிரியர் தோலை மட்டுமே கண்டனர் என்க.

எனாமல் பற்றி ஒரு குறிப்பு. மெல்லிய உலோகக் கம்பிகளை நிறுத்தி அறை அறையாகப் பிரித்து, அவ்வறைகளில் வண்ணக் கண்ணாடிப் பொடியை நிரப்பிச் சுடும் வேலையை 1860-களின் இறுதியில் அலெக்சி ஃபலீசும் அவர் மகன் லூசியன் ஃபலீசும் நகைகளில் ஆண்டனர். அவர்க்கும் கிறிஸ்டோஃப்ள் நிறுவனத்தார்க்கும் இதனைச் செய்து கொடுத்தவர் அந்துவான் தார் என்னும் எனாமல் வல்லுநர். சிறு பதக்கங்களில் பசுமையும் நீலமும் சிவப்பும் ஒளிவிட, சேவலும் பூவும் அமைந்த அந்நகைகள் இன்றும் போற்றப்படுகின்றன. இவற்றையும் ஜப்பானியம் என்றே பட்டியலிடுவர். உருக்கள் ஜப்பானியப் படங்களிலிருந்து வந்தன என்பது உண்மை. ஆயின் அவ்வேலைப்பாட்டுக்கு ஐரோப்பியர் முன் கிடந்த பெருஞ்சான்றுகள் சீனத்தன; 1860-இல் பெய்சிங் கோடை அரண்மனை சூறையாடப்பட்டபின் பாரிசுக்கும் இலண்டனுக்கும் வந்து குவிந்தவை. ஜப்பானிலோ, ஒவாரி நாட்டுக் காஜி ட்சுனெகிச்சி 1830-களில் அயல்நாட்டுக் கலமொன்றைப் பிரித்துப் பார்த்து இவ்வேலையைப் புதுப்பித்தார் என்பர். அதன்பின்னரே அங்கு அது பெருந்தொழிலாயிற்று. ஆகவே ‘ஜப்பானிய எனாமல்’ என்று பாரிசு கொண்டாடியதில் தொழில் சீன வழியினது, உரு ஜப்பானிய வழியினது, சுவை பாரிசினது. ஒற்றைப் பெயர் இம்மூன்றையும் மறைக்கின்றது.

இதே காலத்தில் ஜப்பானில் நிகழ்ந்தது யாது? இவ்வினாவை எழுப்பாது தாக்கம் பேசுதல் ஒருகாலால் நடப்பதாகும். 1871-இல் குறுநிலத் தலைவர்களின் ஆட்சிப் பகுதிகள் ஒழிக்கப்பட்டன. வாட்கம்மியர்க்கு மானியம் அளித்துவந்த புரவலர் மறைந்தனர். 1876-இல் பொதுவிடங்களில் வாளணிதல் தடுக்கப்பட்டது. நூற்றாண்டுகளாக உறுப்பொன்றுக்காகவே வாழ்ந்த கலை, அவ்வுறுப்பைத் தாங்கும் வாளை ஓராணையால் இழந்தது. கானோ நட்சுவோ போன்ற பெருங்கலைஞர்க்குப் புதிய அரசின் நாணய வரைவுப் பணி கிடைத்தது. பிற்காலத்துத் தோக்கியோ நுண்கலைப் பள்ளியில் ஆசிரியப் பதவியும் கிடைத்தது. ஏனையோர் ஏற்றுமதிக்காகச் சாடிகளும் தூபக்கலங்களும் செய்யத் தலைப்பட்டனர். 1874-இல் அரசின் ஆதரவோடு தோன்றிய கிரிட்சு கோஷோ கைஷா என்னும் நிறுவனம் இப்பொருள்களை அயல்நாடுகளுக்கு அனுப்பிற்று. ஏற்றுமதிப் பொருள்களுக்குரிய வரைபடங்களை அரசு அலுவலகமே தொகுத்துக் கம்மியர்க்கு வழங்கிற்று. அயல்நாட்டார் எதனை விரும்புவர் என்பதைக் கருதியே அவை வரையப்பட்டன. அவ்வழி வந்த பொருள்களையே ஐரோப்பியர் தொன்றுதொட்ட ஜப்பானியக் கலையின் வடிவமெனக் கொண்டு பார்த்தெழுதினர்.

அப்பொருள்கள் இழிந்தன என்று முடிவு செய்தலும் தவறு. 1878-ஆம் ஆண்டுப் பாரிசுக் கண்காட்சிக்கு வந்த சுசுகி சோக்கிச்சியின் பெருந்தூபக்கலம் இப்பொழுது இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. வெண்கல வார்ப்பில் அதற்கு ஈடு கூறுதல் அரிது. அவரே 1893-ஆம் ஆண்டுச் சிகாகோக் கண்காட்சிக்காக ஆக்கிய பன்னிரண்டு வல்லூறுகளில் உலோக நிறங்களின் இலக்கணம் முழுமையாக விளங்குகின்றது. நாம் வற்புறுத்துவது ஒன்றே. கொடுப்பவன் தன் நிலையில் அசையாது நிற்க, கொள்பவன் மட்டும் மாறினான் என்னும் எண்ணம் இங்குப் பொருந்தாது. தன் வாளை இழந்தவனும், இவன் என்ன விரும்புவான் என்று ஓர்ந்து ஆக்கியவனும் கொடுத்தவனே. பிரெஞ்சு நாரையின் வரலாற்றை எழுதுவோர் இக்கம்மியன் வரலாற்றை அடிக்குறிப்பாகவும் எழுதாது விடுவது ஆராய்ச்சி அறமாகாது.

1878-ஆம் ஆண்டுக் கண்காட்சியில் மற்றொன்றும் நிகழ்ந்தது. வெள்ளி வேலைக்குரிய முதற்பரிசை நியூயார்க்கு டிஃபனி நிறுவனம் பெற்றது. எட்வர்டு மூர் என்பாரின் மேற்பார்வையில் ஆக்கப்பட்ட அக்கலங்களில் சம்மட்டித்தடம் விளங்கும் வெள்ளிமீது செம்பும் பித்தளையும் ஜப்பானிய முறைக் கலவைகளும் மீனாகவும் தும்பியாகவும் சுரைக்கொடியாகவும் பதிந்திருந்தன. மரவரி உலோகமும் இருந்தது. ஐரோப்பியக் கம்மியர் வியந்தனர் என்பர். கைத்திறன் குறைந்தமையால் அவர்கள் பின்தங்கவில்லை. அமெரிக்காவில் இங்கிலாந்தைப் போன்ற முத்திரைச் சட்டம் இல்லை என்பதே அடிப்படைக் காரணம்; மாற்றினைக் காக்கும் காவலன் இல்லாத நாட்டில் செம்பு வெள்ளியோடு உடனிருக்க முடிந்தது. தாக்கத்தின் வரலாற்றில் சட்டநூலும் ஒரு மூலநூல் என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இங்கிலாந்தில் இத்தடையைச் சுற்றிச் சென்றவர் ஒருவர் உண்டு. கிளாஸ்கோவில் 1834-இல் பிறந்த கிறிஸ்டபர் டிரெசர் தாவரவியலில் புலமை பெற்று வரைவுத் தொழிலுக்கு வந்தவர். வியன்னாக் கண்காட்சியிலிருந்து திரும்பிய ஜப்பானியப் பொருள்கள் 1874-இல் கப்பலோடு கடலில் மூழ்கின. அவ்விழப்பை ஈடுசெய்யத் தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் அளித்த பொருள்களோடு அவர் 1876-ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பான் சென்றார். ஏறத்தாழ நான்கு திங்கள் நாடெங்கும் சுற்றித் தொழிற்சாலைகளைக் கண்டார். 1882-இல் அந்நாட்டுக் கட்டடம், கலை, கைத்தொழில் பற்றிப் பெருநூல் ஒன்றும் வெளியிட்டார். பயணத்திற்குப்பின் ஹியூகின் அண்டு ஹீத், ஜேம்ஸ் டிக்சன் அண்டு சன்ஸ் நிறுவனங்களுக்காக அவர் வரைந்த கலங்களில் நாரை இல்லை, பூ இல்லை, கீறலே இல்லை. டிக்சனுக்காக 1879-ஐ ஒட்டி வரைந்த தேநீர்க் கலமொன்று சாய்சதுர வடிவினது. அதன் நடுவே சதுரமாக ஒரு துளை. அதன் கைப்பிடி நேர்க்கோட்டுத் தண்டு.

டிரெசரின் எளிமை முழுவதையும் ஜப்பானுக்கே உரிமையாக்குவோர் உளர். அது பொருந்தாது. ஜப்பான் செல்வதற்கு முன், 1873-இல் நூலாக வெளிவந்த அவர்தம் அணிவரைவுக் கொள்கை விளக்கத்திலேயே கைப்பிடியும் மூக்கும் எந்நிலையில் அமைந்தால் கலம் எளிதில் சாயும் என்பது பற்றியும், விலையுயர்ந்த உலோகத்தை வீணாக்காமை பற்றியும் ஆராய்ந்துள்ளார். அவர் ஜப்பானில் கண்டது தம் கருத்துக்குச் சான்று, கருத்தையன்று. எனினும் சான்று கண்டபின் வந்த துணிவு பெரிது. 1873-க்கும் 1879-க்கும் இடைப்பட்ட தொலைவு அத்துணிவின் அளவே ஆகும். மற்றொரு முரணையும் மறைத்தல் கூடாது. அக்கலங்களிற் பல நிக்கல் கலந்த வெண்கலவைமீது வெள்ளி முலாம் பூசியவை. முத்திரைச் சட்டத்தின் தடை இவற்றுக்கு இல்லாமைக்கு அதுவே காரணம். வடிவத்தில் உலோகத்திற்கு உண்மையாய் நின்றவர் மேற்பரப்பில் வெள்ளியின் தோலையே போர்த்தினார். கிறிஸ்டோஃப்ளைக் குறைகூறிய அளவுகோல் இங்கும் பொருந்தும்.

உலோகங்களின் உறவினை அறிவுநிலையில் முதலிற் பற்றியவர் கலைஞர் அல்லர், வேதியியலார். ஒசாக்கா நாணயச்சாலையில் 1872 முதல் 1888 வரை பணிபுரிந்த வில்லியம் கவுலண்டு ஜப்பானிய உலோகத் தொழிலை நேரிற் கண்டு பின்னர் எழுதினார். இலண்டன் அரச நாணயச்சாலையின் வேதியியலறிஞர் ராபர்ட்ஸ்-ஆஸ்டின் 1880-களில் ஆற்றிய சொற்பொழிவுகளில் ஷாக்குடோ, ஷிபுயிச்சி ஆகியவற்றின் கூறுகளையும் நிறமேற்றும் நீர்களையும் எடுத்துரைத்தார். ஓர் உலோகத்தில் சிறிதளவு பிறவுலோகம் சேர்வதால் அதன் பண்பு எவ்வாறு மாறுகின்றது என்பதே அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சி. நாட்டின் நாணயத்தில் கலப்பு நேராமற் காக்கும் பதவியில் இருந்தவர், கலப்பின் அழகை அந்நாட்டுக் கம்மியர்க்கு எடுத்துச் சொன்னார். கேட்டவர் பலர், அதன்படி செய்தவர் சிலர்.

அச்சிலருள் தலைமையானவர் பாரிசு நகரத்து லூசியன் கையார். 1861-இல் பிறந்து, 1892-இல் தந்தையின் தொழிற்கூடத்தைத் தம் பொறுப்பிற் கொண்டவர். ஜப்பானியக் கலவைகளையும் நிறமேற்றும் முறைகளையும் தாமே ஆய்ந்து பழகினார். அதனோடு அமையாது 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜப்பானியக் கைவினைஞரைப் பாரிசுக்கு வரவழைத்துத் தம் கூடத்தில் பணிபுரியச் செய்தார். படத்தைப் பார்த்து எழுதும் நிலை போய், செய்வோன் அருகே அமர்ந்து கற்கும் நிலை இது. அவர் காலத்தவரான ரெனே லாலிக் மற்றொரு வழியிற் சென்றார். கொம்பு, கண்ணாடி, எனாமல் ஆகியவற்றைப் பொன்னோடு சமமாக வைத்து நகை செய்தார். லிஸ்பனில் குல்பெங்கியான் அருங்காட்சியகத்திலுள்ள தும்பிப்பெண் அணி அவ்வகையிற் புகழ்பெற்றது. மாட்டுக் கொம்பாற் செய்த சீப்பு வைரப் பதக்கத்தினும் மிகுந்த விலைபெறலாம் என்பதைப் பாரிசுச் செல்வர் ஏற்றனர். எடை தோற்றது, வேலை வென்றது. தும்பியைக் கண்டு ஜப்பானியம் என்போர் கொம்பைக் கண்டு அவ்வாறு கூறுவதில்லை. கூறவேண்டிய இடம் கொம்பே என்பது எம் கருத்து.

செருமனியில் இவ்வாராய்ச்சி வேறொரு முகம் கொண்டது. ஹாம்பர்க் கலை, தொழில் அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர் யுஸ்டுஸ் பிரிங்க்மன் வாளுறுப்புகளைப் பெருந்தொகையாகத் திரட்டினார். 1896 முதல் அங்குப் பணியாற்றிய ஹரா ஷின்கிச்சி என்னும் ஜப்பானியர் 1902-இல் வாளணிக் கம்மியர் பற்றிய செருமானிய நூலை வெளியிட்டார். பெயர் தெரியாக் ‘கிழக்கத்தியக் கைவினைஞன்’ மறைந்து, பள்ளியும் காலமும் உடைய தனிக் கலைஞர்கள் ஐரோப்பிய நூலில் இடம்பெற்றனர். அதற்கு முன்னரே 1894-இல் பாரிசு வணிகர் ஹயாஷி தாதாமாசா தம் ட்சுபாத் தொகுதியை லூவர் அருங்காட்சியகத்திற்கு அளித்திருந்தார். பிங் 1888 முதல் 1891 வரை நடத்திய ‘கலைஜப்பான்’ இதழ் உருக்களைப் பரப்பியது மிகுதி; அதன் தொண்டு பெரிதாயினும் நம் பொருளுக்கு அத்துணை நெருங்கியதன்று.

முடிவாக வியன்னா. 1903-இல் யோசெஃப் ஹாஃப்மனும் கோலோமன் மோசரும் நிறுவிய வியன்னாத் தொழிற்கூடம் 1905-இல் வெளியிட்ட செயற்றிட்டத்தில், கலைநோக்கில் செம்பும் உயர்ந்த உலோகங்களுக்கு ஒப்பான மதிப்புடையதே என்னும் கருத்துத் தெளிவாகக் கூறப்பட்டுள்ளது. நாற்பதாண்டுக்கு முன் இலண்டனில் வைக்கப்பட்ட பொருள்கள் ஊமையாய்ச் சொன்னதனை ஐரோப்பியக் கம்மியர் தம் வாயாற் கூறுவது இங்கேதான். அக்கூடத்தின் கலங்களில் நாரை இல்லை; ஆகவே ஜாப்பொனீசப் பட்டியல்களில் அவை பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. இக்கருத்து முழுவதும் ஜப்பானிலிருந்தே வந்ததெனல் பொருந்தாது. ரஸ்கின், மோரிஸ் வழிவந்த ஆங்கிலக் கைத்தொழில் இயக்கத்தை அத்திட்டமே நினைவூட்டுகின்றது. எனினும் 1900-இல் வியன்னாப் பிரிவினைச் சங்கத்தின் ஆறாம் கண்காட்சி ஜப்பானியக் கலைக்கே உரியதாக நிகழ்ந்தது என்பதும், ஹாஃப்மன் அச்சங்கத்தினர் என்பதும் புறக்கணிக்கத் தக்கனவல்ல. எப்பங்கு எவ்வழி வந்தது என்பதைப் பிரித்தறிய ஒரு முறை உண்டு. ஹாஃப்மன் கூடத்தின் சம்மட்டித்தடம் விளங்கும் வெள்ளிக் கலங்களையும் ஹாம்பர்க்கிலுள்ள இரும்பு ட்சுபாக்களையும் அருகருகே வைத்து, உருவொப்புமை தேடாது, மேற்பரப்பையும் அதனை ஆக்கிய கருவியையும் ஒப்பிடுதல் வேண்டும். அத்தகைய பட்டியலுக்கு முதற்பத்தியாக அமையவேண்டுவது உலோகத்தின் கூறு. இரண்டாவது, நிறம் வந்த வழி. மூன்றாவது, முத்திரை உண்டா இல்லையா என்பது. உருவின் பெயர் அதன்பின் வரலாம்.